மொட்டை மாடியில் ஒரு பலகை வீடு

“மொட்டை மாடியில வீடு போடப் போறீகளா? யாரைக் கேட்டுண்ணே?”

ஈஸி சேரில் சாய்ந்திருந்த விருமாண்டி, காலாட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. மில்லில் முப்பது வருஷம் உழைத்த மொக்கையன் அவன் முன்னால் துண்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“கட்டலை தம்பி, சும்மா மாட்டுறதுதான். பாய், நீங்க சொல்லுங்க.”

கூட வந்திருந்த வியாபாரி நைனா முகமது, படம் போட்ட காகிதத்தை விரித்தார். “பலகைச் சுவரு, மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. எல்லாம் அளவா அறுத்தே வந்துரும். போல்ட்டு போட்டு முடுக்குனா ரெண்டு நாள்ல வீடு. எட்டாயிரந்தான்.”

“கோழிக்கூண்டு மாதிரில்ல இருக்கு. சித்திரை வெயில்ல வெந்துற மாட்டோமா?” என்றாள் மொக்கையனின் மனைவி இருளாயி.

“மேல கீத்துப் போட்டுக்கங்கம்மா. இருபது வருஷம் அசையாது.”

“நாமளும் அம்புட்டுதான் இருப்போம்,” என்றார் மொக்கையன்.

வேறு வழி? ரிட்டயர் ஆகிவிட்டார். மில் குவார்ட்டர்ஸை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். மகள் கல்யாணம் போக மிஞ்சியது இந்த எட்டாயிரம்தான். அதை வைத்துக்கொண்டு ஊர் ஓரத்துக் கோச்சடையில் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது.

“சரி, போய் அளந்துக்கங்க,” என்று பெரிய மனசு பண்ணினான் விருமாண்டி.

“மூணாவது படி ஆடும் பாய், பார்த்து வாங்க,” என்று கீழே பார்க்காமலேயே சொல்லிக்கொண்டு இருளாயி முதலில் ஏறினாள்.

இறங்கி வந்தபோது விருமாண்டி தயாராக இருந்தான்.

“நாங்க பிடிச்சது போகத்தான் உங்களுக்குத் தண்ணி. எங்க தலைக்கு மேல உரல்ல இடிக்கக் கூடாது. விருந்தாளின்னு ஒருத்தரும் தங்கக் கூடாது. என்னை மீறி ஒரு ஆணி அடிச்சீக, மறுநாளே கோர்ட்டுல ஸ்டே வாங்கிருவேன்.”

மொக்கையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“முக்கியமா, அந்தக் கேஸை வாபஸ் வாங்குறதா இதுல கையெழுத்துப் போடணும்,” என்று ஒரு காகிதத்தை எடுத்து வைத்தான்.

ஒன்பது வருஷத்துக் கேஸ். “வேணாங்க, போடாதீக!” என்று இருளாயி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை எங்கடி போறது? வைகை மணல்ல படுக்கவா?”

கையை விடுவித்துக்கொண்டு மொக்கையன் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தடவை நின்று நின்று ஓடியது.

விருமாண்டி அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதே பையிலிருந்து நாலு பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து மொக்கையனிடம் நீட்டினான்.

“இந்தாங்க வீட்டுக்காரரே, இந்த மாச வாடகை. மறக்காம ரசீது குடுங்க.”