ஹீட்டர் மாட்ட ஓர் ஆள்

"லைசன்ஸ் இருக்கா?"

குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் வீட்டுக்கார அம்மாள். எதிரே, தோளில் புத்தம்புது டூல் பையும் காதில் செருகிய பென்சிலுமாக நின்ற மனிதர், எடுத்த எடுப்பில் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஒரு வாட்டர் ஹீட்டர் மாட்டறதுக்கு லைசன்ஸ் எதுக்கு? நாலு ஸ்க்ரூ, மூணு ஒயர். சட்டுனு முடிச்சிரலாம்."

"தண்ணியும் கரண்டும் ஒரே இடத்துல இருக்கற வேலை. பிள்ளைங்க குளிக்கற ரூம். சட்டுனு முடிய வேண்டியது வேலைதான, நாங்க இல்லையே?"

அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் மனிதருக்குச் சிக்கல். கத்துகிறவர்களை எப்படியும் சமாளித்துவிடலாம். இப்படி நிதானமாகக் கேட்கிறவர்களிடம் பாச்சா பலிக்காது.

இந்த வேலை மட்டும் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். காலையிலேயே டிரில்லிங் மெஷினைத் துடைத்து, பிட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துத் தயாராக இருந்தவர் அவர். பர்ஸைத் துழாவி ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

"மெம்பர்னே போட்டிருக்கு."

எல்லோரும் கார்டின் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். இவள் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள்.

"இது ஹார்டுவேர் கடையில சாமான் வாங்கறவங்களுக்குத் தர்ற டிஸ்கவுண்ட் கார்டு. இத வச்சு ஆணி வாங்கலாம். ஒயர்ல கை வைக்க முடியாது."

"சர்டிஃபிகேட்டும் இருக்கு," என்றார் விடாமல். பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். தங்க நிற பார்டர், கீழே வட்டமாக ஒரு முத்திரை. அதை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"கலந்துகொண்டதற்கான சான்றிதழ்னு போட்டிருக்கு."

"ஆமா. முழு நாள் வகுப்பு."

"பரீட்சை வச்சாங்களா?"

"கடைசியில குரூப் போட்டோ எடுத்தாங்க."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "அப்ப இது நீங்க கிளாஸுக்குப் போனதுக்கு அத்தாட்சி. வேலை தெரியும்கறதுக்கு இல்ல. சரி, இன்ஷூரன்ஸ்?"

"இருக்கு." ஒரு கேள்விக்காவது உருப்படியான பதில் கையில் இருக்கிறதே என்று அவர் முகம் மலர்ந்தது. "லைஃப் இன்ஷூரன்ஸ். ஒரு தவணைகூடத் தவறினதில்ல."

"அது எனக்குத் தெரியும். அது ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா வர்றது. ஹீட்டர் பேந்து விழுந்து டைல்ஸ் ஒடைஞ்சா, கீழ்வீட்டுக்குத் தண்ணி எறங்கினா, அதுக்கு என்ன இருக்கு?"

மனிதர் பையின் இன்னொரு ஜிப்பையும் திறந்து பார்த்தார். கடைசியாக ஒன்று நினைவுக்கு வந்தது.

"முன்னாடி செஞ்ச வேலைய விசாரிச்சுப் பாக்கலாமே. ஒரு வீட்டுல ஃபேன் மாட்டியிருக்கேன். போன் பண்ணித் தரவா?"

"நானே பண்ணிக் கேட்டுட்டேன். ஃபேன் நல்லா சுத்துதாம்."

"அப்பறம் என்ன?"

"ஸ்விட்ச அணைச்சாலும் சுத்துதாம்."

அவருக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "ஒரு சான்ஸ் குடுத்தாத்தான மேடம் தெரியும்," என்றார் பரிதாபமாக.

"ஷெல்ஃப் மாட்டறதுன்னா குடுப்பேன். கோணலாப் போனா புத்தகம் சரியும், அவ்வளவுதான். இதுல தப்பாப் போனா யாரு மேல போய் முடியும்?"

சொல்லும்போதே அவள் பார்வை வாளிக்குப் பக்கத்தில் கிடந்த குட்டிச் செருப்புகளின் மேல் போனது. அவரும் அங்கே பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கி, சுவரோரமாக வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

அழைப்பு மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றார். அவரையும் அம்மாள் சும்மா விடவில்லை.

அட்டையில் இருந்த போட்டோவையும் ஆளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். லைசன்ஸ் காலாவதி ஆகவில்லை என்பதையும், வீட்டு ஒயரிங்குக்குச் செல்லும் என்பதையும் விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டாள். அதுவும் அட்டையில் இருந்த எண்ணுக்கு அல்ல, தானே தேடிக் குறித்து வைத்திருந்த எண்ணுக்கு.

"தாராளமா கேளுங்க மேடம். கேக்காத வீட்டுலதான் எங்களுக்குத் தலைவலி," என்றார் எலக்ட்ரீஷியன். இன்ஷூரன்ஸ் தாளையும் தானாகவே எடுத்துக் கொடுத்தார்.

அம்மாள் நகர்ந்து வழிவிட்டாள். உள்ளே வந்தவர், குளியலறை வாசலில் டூல் பையும் பென்சிலுமாக முகம் தொங்கி நின்றவரைப் பார்த்துத் தயங்கினார். தனக்கு முன்னால் இன்னொருவருக்கும் சொல்லியிருக்கிறார்களோ என்று சந்தேகம்.

"ரெண்டு பேர வரச் சொல்லியிருந்தீங்களா மேடம்? சார் எந்த கம்பெனி?"

அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவள் விட்டுவிட்டாள்.

"கம்பெனியெல்லாம் இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரர்."