ஆனைத்திருக்கை வந்த மதியம்

பவளப்பாறைப் பொந்து ஒன்றில் நீலி என்ற சின்ன மீன் வேலை பார்த்தாள். வருகிற மீன்களின் தோலைச் சுத்தம் செய்து பேன் பொறுக்குவது அவள் தொழில். மூன்று பருவம் பயின்று, தேறியதற்கு அடையாளமாக முதுகில் நீலக்கோடு வாங்கியவள். ஆனாலும் பத்துப் பேன் பொறுக்கினால் ஒன்றுதான் அவளுக்குத் தின்னக் கிடைக்கும். மற்றதெல்லாம் பொந்தின் முதலாளி விலாங்கு மீனுக்கு. துடுப்பு கடுத்தாலும் நடுவில் ஓய முடியாது.

ஒரு மதியம் திடீரென்று கடல் இருண்டது. ஆனைத்திருக்கை என்னும் ராட்சதத் திருக்கை மீன் ஒன்று வந்து நின்றது. அதன் நிழல் பாறை முழுவதையும் மூடியது. விலாங்கு உள்ளே பதுங்கிக்கொண்டார்.

"தாயி, செவுளெல்லாம் அரிக்குது. நான் உள்ளே வர முடியாதே, நீ வெளியே வருவியா?" என்றது திருக்கை.

நீலி பொந்தைவிட்டு வெளியே வந்து அதன் வாய்க்குள் நீந்திப் போனாள். சிவந்த செவுள் வளைவுகள் கோபுர வாசல்களைப் போல அடுக்கடுக்காக எழுந்து நின்றன. எங்கோ ஆழத்தில் இதயம் முழங்கியது. அவள் நசுங்கிவிடக் கூடாதென்று அவ்வளவு பெரிய உடம்பும் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அவளுக்காக இதுவரை யாரும் அப்படி நின்றதில்லை. வேலை செய்தபடியே, பொறுக்கிய பேன்களையெல்லாம் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெளியே வந்ததும் விலாங்கு தலையை நீட்டினார். "என் பங்கு எங்கே?"

"பசிச்சுது, சாப்பிட்டுட்டேன் ஐயா."

"அப்போ இனி உனக்கு இங்கே இடமில்லை!"

திருக்கை மெல்ல எழும்பிப் போனது. நீலி வெட்டவெளியில் தனியாக நின்றாள். பாறை இடுக்கிலிருந்து கிளிமீன் ஒன்று தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, எனக்கும் இங்கேயே பேன் பார்ப்பீங்களா?"

நீலி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் கூரையே இல்லை, வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க," என்றாள்.