அக்கரையில் ஓர் ஆலயம்

"உங்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா, போதகரையா?"

மாதர் சங்கத் தலைவி மலித்தா இப்படிக் கேட்டதும் சபைக் கூட்டத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. போதகர் கம்வெண்டோ மட்டும் நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து பொறியாளர்கள் விடுப்பெடுத்து, சொந்தச் செலவில் மலாவிக்கு வந்து, எங்கள் ஊருக்கு ஆலயம் கட்டித்தரப் போகிறார்கள். அத்திமரத்தடியில் வெயிலிலும் தூறலிலும் ஆராதித்த எங்களுக்கு அது பெரிய சங்கதி. ஆனால் ஊர் முழுவதும் ஆற்றுக்கு இக்கரையில் இருக்க, போதகர் இடம் பார்த்திருப்பதோ அக்கரையில்.

"அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கு, சந்தை இருக்கு, உங்க மச்சானோட மாவு மில்லும் இருக்கு. எங்களுக்குன்னு முதல் தடவையா ஒண்ணு வருது. அதையும் அங்கயே கொண்டு வெச்சா எப்படி?"

"ஆங், மில்லு!" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. கூட்டத்துக்குக் காரணம் விளங்கிவிட்டது.

"சிமெண்டு லாரி அந்தக் கரை வரைக்கும்தான் வரும்மா," என்றார் போதகர்.

"சிமெண்டுக்கு வசதி, எங்களுக்கு? என் மருமக தியமிகேக்கு மழைக்காலத்துல பிரசவம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவ ஆத்துல நீந்தணுமா? வழியில பிடிக்கிற முதலைக்கும் சேர்த்தே கொடுத்துருவீங்களா?"

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று.

"என்கிட்ட ஏன்மா கத்துறீங்க? கட்ட வர்றவங்ககிட்டயே கேளுங்க. நல்லாச் சத்தமாக் கேளுங்க."

"கேக்காம விட்டுருவேன்னு நினைச்சீங்களா?"

அடிக்கல் ஆராதனையன்று பொறியாளர்கள் அக்கரையில் நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். தலைவர் ஃபெர்கஸ் பல ஆண்டுகளாக இந்தப் பக்கம் வந்துபோகிறவர். எங்கள் மொழி அவருக்குத் தடுமாறியாவது வரும்.

மாதர் சங்கத்தார் சீருடை இல்லாமல் ஆராதனையில் அமர முடியாது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தலைத்துணி. அதை நனைக்கவும் முடியாது. எனவே சீருடையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, உடுத்தியிருந்த பழந்துணியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பாட்டுப் பாடியபடியே அத்தனை பெண்களும் ஆற்றில் இறங்கினார்கள்.

ஃபெர்கஸ் பதறித் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

"ஏ ஃபெர்கஸ் ஐயா! தொப்பியை எடுங்க! நல்லாப் பாருங்க!" நடு ஆற்றில் நின்று மலித்தா கூவினாள். "இதான் உங்க கோயிலுக்கு வர்ற வழி! அதோ அந்தக் கரையில வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறா பாருங்க, என் மருமக. அங்கிருந்தே கையாட்டுவா. அவளுக்கு இனிமே அதான் ஆராதனை!"

தியமிகே அங்கிருந்து பணிவாகக் கையாட்டினாள்.

ஃபெர்கஸ் போதகரிடம் திரும்பினார். "வெயில் காலத்துலயே இப்படின்னா, மழை வந்தா என்ன செய்வாங்க?"

"வரமாட்டாங்க ஐயா."

"அப்புறம் கோயில் யாருக்கு?"

போதகர் தலையைச் சொறிந்தார். "அதை நான் யோசிக்கலையே ஐயா."

கூடியிருந்த எல்லோருக்கும் அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இவ்வளவு படித்த மனிதருக்கு இது தோன்றவில்லையா?

மறுநாள் காலை, பொறியாளர்கள் அஸ்திவாரக் குழியை விட்டுவிட்டு ஆற்றை அளந்துகொண்டிருந்தார்கள்.

சுவருக்கு வந்த சிமெண்டு ஆற்றுக்குள் தூண்களாக இறங்கியது. கூரைக்கு வந்த இரும்பு நடைபாலமாக நீண்டது. ஆலயம் இடுப்பளவு சுவரோடு நின்றுவிட்டது. விடைபெறும் நாளில் ஃபெர்கஸ், போதகரின் கைகளைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"அடுத்த வருஷம் வந்து கூரை போட்டுடறோம். மனசு விட்டுடாதீங்க."

போதகர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். அதைக் கண்டு மனம் பொறுக்காத இளம் பொறியாளர் ஒருவர் தம் பூட்ஸையே கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பாவம் மில்லுக்கார மச்சான்," என்று ஊர் சிரித்தது. "தனக்குன்னு ஒரு கோயில் கட்டிக்கப் பார்த்தாரு. மலித்தா வாய் விடுமா?"

மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரை தெரியாமல் ஓடிய ஒரு பிற்பகலில் தியமிகேக்கு வலி எடுத்தது. கணவன் அவளைச் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனான். மலித்தா பின்னால் குடை பிடித்துக்கொண்டே ஓடினாள். பொழுது சாய்வதற்குள் பேரன் பிறந்துவிட்டான்.

செய்தி கேட்டுப் போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் அமர்ந்து, ஜெபித்து முடித்துக் குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டார். எதிரே நின்ற மலித்தாவுக்கு அப்போதுதான் மனம் உறுத்தியது.

"போதகரையா, நான் அன்னைக்கு ஆத்துல நின்னு கத்தாம இருந்திருந்தா உங்க கோயில் முடிஞ்சிருக்கும். மன்னிச்சிருங்க."

"பாலம் வேணும்னு அவங்க சபைக்கு ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன்மா. அது அரசாங்கத்து வேலை, நாங்க கோயில்தான் கட்டுவோம்னுட்டாங்க."

போதகர் குழந்தையின் போர்வையை நிதானமாகச் சரிசெய்தார்.

"சரி, கோயிலே கட்டுங்கன்னேன். எந்தக் கரையிலன்னு அவங்க கேக்கவே இல்ல."