ரயிலைத் தேடிப் போகும் வீடு

அமெரிக்காவின் டகோடாப் புல்வெளியில் ரயில் பாதையை ஊரைவிட்டு மூன்று மைல் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அதனால் ஊரே கிளம்பி ரயிலிடம் போகிறது. தபால் ஆபீசும் தேவாலயமும் போன வாரமே உறைந்த ஏரியைத் தாண்டிவிட்டன. இன்று சிக்ரிட்டின் வீடு. அடியில் பனியில் சறுக்கிப் போக இரண்டு பெரிய மரச் சட்டங்கள், முன்னால் பதினாறு குதிரைகள், உள்ளே அவள். அடுப்பில் ரொட்டி வேகிறது, இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். அலமாரியில் பீங்கான் தட்டுகள் வழியெல்லாம் கிலுகிலுத்துக்கொண்டே வருகின்றன. நடு ஏரியில் சட்டென்று அவை அடங்குகின்றன. ஜன்னலுக்கு வெளியே குதிரைகளின் முதுகிலிருந்து ஆவி எழுகிறது. "ஏன் நின்னுட்டீங்க?" "குதிரைங்க கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்டி," என்கிறான் கணவன் தோர்ஸ்டன். "அண்ணி, ரொட்டி வெந்துட்டா ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளுங்க," என்று கொழுந்தன் சிரிக்கிறான். வெளிறிய வெயிலில் பனிக்கட்டி நீளமாக ஒருமுறை முனகுகிறது. குதிரைகள் காதை விறைத்துக்கொள்கின்றன. கொழுந்தனின் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. "ஓட்டுங்க," என்கிறாள் சிக்ரிட். மேஜையடியில் தண்ணீர் வாளி. அடுப்புப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நிற்கிறது, மறுபக்கம் நாலு விரல் கீழே இறங்கியிருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வழிந்து, தரைப் பலகைமேல் அடுப்பை நோக்கி ஓடத் தொடங்குகிறது.