பீரோவை உடைத்தவள்

"மேனேஜர்கிட்ட வாய்க்கு வாய் பேசினியா?"

"பேசினேன் சார்."

"உடனே அவர் சரிஞ்சு விழுந்துட்டார். இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கார்."

"ஆமா சார்."

விசாரணைக்கு வந்திருந்த தலைமை அலுவலக அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பத்து வருஷமாகத் தரை துடைக்கிறவள், கொஞ்சம் அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்திருந்தார் பாவம். அவளோ மாப் கட்டையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"என்ன சண்டை?"

"மாடிப்படியைக் கழுவி விட்டு அஞ்சு நிமிஷம் ஆகலை, சிகரெட் துண்டைப் போடுறாரு. உங்க வீட்டுப் படியில இப்படிப் போடுவீங்களான்னு கேட்டேன்."

"அந்தப் பேச்சு தாங்காமதான் அவருக்கு நெஞ்சு அடைச்சதுன்னு ஆபீஸே சொல்லுது."

"ஆபீஸ் சொல்லும் சார். அவர் எத்தனை ஊதுறாருன்னு எனக்குத்தானே தெரியும், கூட்டி அள்ளுறவ நான். ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாது. சுகர் மாத்திரை பிரிக்காமலே குப்பைக்கூடைக்கு வரும். ரத்தக்குழாய்ல மூணு இடத்துல அடைப்பாம். வருஷக்கணக்கா சேர்ந்ததுன்னு டாக்டரே சொல்லிட்டாராம். அத்தனையும் என் ஒரு பேச்சுல வந்து அடைச்சிருச்சா?"

அதிகாரி லேசாக இருமினார். சட்டைப் பையில் எட்டிப் பார்த்த சிகரெட் பாக்கெட்டை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டார்.

"சரி, அதை விடு. ஸ்டோர் ரூம் கண்ணாடி பீரோவை உடைச்சது யாரு?"

"நான்தான். இந்தக் கட்டையாலதான். ரெண்டே போடு."

பக்கத்தில் நின்றிருந்த ஸ்டோர்கீப்பருக்குப் பொறுக்கவில்லை. "புது மெஷின் சார்! வாங்கி ரெண்டு வருஷமா ஒரு தூசி படாம வச்சிருந்தேன். கவரைக் கிழிச்சு, வயரை எல்லாம் பிடுங்கி நாசம் பண்ணிட்டா."

"சாவி எங்க இருந்துச்சு?"

"என் இடுப்புல சார். சாப்பிடப் போயிருந்தேன். ஆனா இங்கேயே இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். தன் கையெழுத்துச் சீட்டு இல்லாம யாருக்கும் அந்த பீரோவைத் திறக்கக் கூடாதுன்னு மேனேஜரே சர்க்குலர் போட்டிருக்காரு."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இதுக்கே உன் வேலை போயிடும். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போ."

"மாட்டேன் சார். நாளைக்கே மறுபடி அப்படி ஆனாலும் உடைப்பேன்."

"என்ன திமிர்! மேனேஜர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்க உனக்கு என்ன கேடு?"

அவள் முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"எப்படி சார் வாங்குறது? நின்னுபோன இதயத்துக்கு ஷாக் குடுக்கிற மெஷின் அது. என்ன செய்யணும்னு அதுவே பேசிச் சொல்லிக் குடுத்துச்சு, செஞ்சேன். சீட்டுல கையெழுத்துப் போட வேண்டியவரு அப்ப என் காலடியில மூச்சில்லாம கிடந்தாரு!"