ஷூ பெட்டி வாரம்

"உங்க பேர் இல்லையே மார்னி!"

கிரிஸ்டன் இதைச் சொன்ன சத்தத்தில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் வரிசையில் நின்ற அத்தனை பெற்றோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்னிக்கு முகம் சுருங்கிப்போனது. சீஸ் ஆலையில் அரைநாள் லீவு கேட்டு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். பக்கத்தில் மகள் ஹாட்டி. ஐந்தாம் வகுப்பு.

"நல்லாப் பாருங்க கிரிஸ்டன். ஹாட்டி பிரெக்கேன்னு இருக்கும்."

"பார்த்துட்டேன். இருநூத்திப் பதிமூணு குடும்பம். இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து வந்தாச்சு. வராதது உங்க வீட்டுது ஒண்ணுதான்."

கிரிஸ்டன் பெற்றோர் சங்கத் தலைவி. கையில் ஒரு பட்டியல் இருந்துவிட்டால் அவளுக்கு ஆயிரம் யானை பலம் வந்துவிடும்.

விஷயம் இதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஏப்ரல் என்றாலே சேறும் தேர்வும்தான். பள்ளி அனுப்பிய வசந்தகாலச் செய்திமடலில், 'சேற்றுக் காலோடு வகுப்புக்குள் வராதீர்கள்', 'மீன்பிடிக்க லீவு போடாதீர்கள்' என்ற வருடாந்தரப் புலம்பல்களுக்குக் கீழே, 'குடும்பங்களுக்கு ஓர் ஆலோசனை' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

தேர்வு வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை, மாலை ஆறு மணி ஆனதும் வீட்டிலுள்ள போன், கம்ப்யூட்டர் எல்லாம் ஷூ பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் காலையில்தான் வெளியே எடுக்கலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள், சீக்கிரம் தூங்கவையுங்கள். அப்படியே செய்தோம் என்று கையெழுத்துப் போட்ட குடும்பங்களில் ஒரு பிள்ளையின் பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். அந்தப் பிள்ளை, தலைமையாசிரியர் ஹால்வர்சன் முகத்தில் எல்லார் முன்னாலும் ஒரு தட்டு நிறைய கிரீமை அப்பலாம்!

ஹாட்டிக்கு மூன்று வாரமாக அதே கனவு. அப்பாவின் ஷேவிங் நுரையைக் கொட்டகைக் கதவில் அப்பிப் பழகிக்கூடப் பார்த்துவிட்டாள்.

"படிவத்தைக் காலைலதான் பார்த்தேன்," மார்னி இழுத்தாள். "அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது."

"எனக்கு வந்த ரெண்டாவது நிமிஷமே போட்டு அனுப்பிட்டேன். பிள்ளை மேல அக்கறை இருந்தா நேரம் தானா கிடைக்கும் மார்னி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மார்னி மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு தடவை பெட்டியைத் தொறந்து பார்க்கலாம்னு கெஞ்சினேன்ல? நீதான் விடல," ஹாட்டியின் உதடு துடித்தது.

"கூடாதுன்னு போட்டிருந்தாங்களேடி."

"இப்போ குலுக்கல்ல என் பேரே இல்ல. ஊருக்கே இருக்கு!"

நாலு சாயங்காலமும் இருவரும் சமையலறை மேஜையில் சீட்டு விளையாடினார்கள். ஹாட்டி அம்மாவைப் பதினோரு தடவை தோற்கடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இத்தனைக்கும் கடைசியில் பொறுப்பில்லாத அம்மா என்ற பெயர்தான் மிச்சமா?

மேடையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஹால்வர்சன் மைக்கைப் பிடித்தார்.

"பெற்றோர்களே! நாலு நாளா, ஆறு மணிக்கு மேல ஒருத்தர்கூட போனைத் தொடல. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

பலத்த கைதட்டல். முதல் வரிசையில் கிரிஸ்டன்தான் அதிகம் தட்டினாள்.

"உங்க பொறுப்பைப் பத்தியும் சொல்லணும். கையெழுத்துப் படிவத்தை நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு உங்க போனுக்கு அனுப்பினேன். எட்டு மணிக்கு மூடறதுக்குள்ள இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து! இப்படிப்பட்ட பெற்றோர் வேற எந்த ஊர்ல கிடைப்பாங்க?"

மறுபடியும் கைதட்டல். தட்டப் போன மார்னியின் கை பாதியில் நின்றது.

பள்ளிக் கூட்டங்களில் அவள் இதுவரை வாயைத் திறந்ததே இல்லை. இன்று எழுந்தாள். பூட்ஸ் கிறீச்சிட்டது.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்."

"தாராளமாக் கேளுங்க."

"ஆறு மணிக்கே எல்லார் போனும் பெட்டிக்குள்ள போயிடுச்சுன்னு சொல்றீங்க. அப்போ ஏழு மணிக்கு இவங்கல்லாம் எதுல கையெழுத்துப் போட்டாங்க?"



யாரோ இருமினார்கள். ஓர் அப்பா ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கிரிஸ்டன் பட்டியலைச் சத்தமில்லாமல் மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"அம்மா, வசமா மாட்டிக்கிட்டியா!" ஆறாம் வகுப்பு பெஞ்சிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். அவ்வளவுதான், பிள்ளைகள் பக்கமிருந்து கிளம்பிய சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. ஹாட்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மார்னி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

ஹால்வர்சன் குலுக்கல் பெட்டியை ஓரமாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹாட்டி, மேடைக்கு வாம்மா. கிரீமைத் தாராளமா அள்ளிக்கோ. நேத்து ஏழு மணிக்கு அந்தப் படிவத்தை நான் அனுப்பினதும் போன்லதான்."