படத்தில் பார்த்த இடம்

ரங்கூன் பசுந்தாங் மிஷன் கூடத்தில் உபதேசியார் படம் காட்டும் லாந்தர் வைத்துத் திரையில் நரகத்தைக் காட்டிய அன்று, இனிச் சாராயத்தைத் தொடுவதில்லை என்று மைக்கேல் மனைவி ஜூடித்துக்கு வாக்குக் கொடுத்தான். இரண்டு வருஷமாக அவள் அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லி வந்தாள்.

கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்த மைக்கேல் இன்றுதான் வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"ஜூடித், உபதேசியார் காட்டின இடத்துக்கு நான் போயிட்டு வந்தேன்."

"எந்த இடம்?"

"நரகம். நியூசிலாந்துல இருக்கு. கேப்டன் துரை சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிட்டு வரச் சொன்னாரு. அதே பாறை, அதே புகை. தரைக்குள்ளேருந்து கொதிக்கிற தண்ணி தென்னை மர உசரத்துக்குப் பீச்சி அடிக்குது. ஒரே கந்தக நாத்தம்."

ஜூடித் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்க ஆளுங்க இருக்காங்களா?"

"நிறைய. எல்லாரும் துரைமாருங்க. டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க. தண்ணி எழும்பினா கை தட்டறாங்க."

ஜூடித்தின் முகம் வாடிவிட்டது.

"அப்ப உபதேசியார் காட்டினது வேடிக்கை பாக்கற இடமா? இனி உங்களுக்கு என்ன பயம் இருக்கப் போவுது? மறுபடி குடிப்பீங்க."

"மாட்டேன். அங்க நின்ன துரைமாருங்க அத்தனை பேரும் குடிக்கிறவங்க. குடிக்கிறவங்கதான் அங்க போவாங்கன்னு உபதேசியார் சொன்னது சரியாத்தான் இருக்கு."

மைக்கேல் சோற்றைப் பிசைந்தான்.

"இத்தனை நாளும் வெறும் படம்தானேன்னு, கப்பல் நின்ன ஊர்லல்லாம் குடிச்சுக்கிட்டிருந்தேன். நேர்ல பாத்த அன்னிக்குத்தான் விட்டேன்."